1,20,000 நெகட்டிவ்கள்: ஜெஃப் சார்ல்ஸ் படம்பிடித்த வேல்ஸ்

[திரையில்: வயதான தம்பதி மலைகளைப் பார்த்து நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம்]

1945. பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ். அதன் வடக்கே பெத்கெலர்ட் பக்கத்து மலைப் பண்ணை. கவிஞர் கார்நெதோக்கும் மனைவி கேட்ரினும் இங்கிலாந்தில் இருக்கும் மகன் வீட்டுக்கே குடிபோகிறார்கள். கிளம்புமுன் தங்கள் மலைகளைக் கடைசியாக ஒருமுறை பார்க்கிறார்கள். வேல்ஸில் மிகவும் பிரபலமான படங்களில் இது ஒன்று. எடுத்தவர் ஜெஃப் சார்ல்ஸ்.

1909-இல் ரெக்ஸம் அருகே ப்ரிம்போவில் பிறந்தவர். லண்டனில் இதழியல் படித்து நிருபராகத்தான் தொழிலுக்கு வந்தார். பிறகு 'அ கம்ரோ' என்ற, வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷில் வரும் வார இதழுக்குப் பல பத்தாண்டுகள் படம் எடுத்தார். வார இதழ் வேலை என்றால் ஆட்டுச் சந்தை, பள்ளி விழா, ஐஸ்டெத்வோட் கலைவிழா, சேப்பல் (சிறு தேவாலயம்) கூட்டம் என்று ஊர் ஊராகப் போவது. அவருடைய பலமே அங்கேதான் இருக்கிறது. பிரச்சினை வெடித்த பிறகு கேமராவோடு வந்து இறங்கியவர் இல்லை அவர். அந்த மக்களை அதற்கு முன்பே அறிந்தவர்.

[திரையில்: ட்ரவெரின் பள்ளத்தாக்கு வரைபடம்]

காபெல் கெலின் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் வேண்டும் என்று, அந்தக் கிராமம் இருந்த ட்ரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்டத் திட்டம். 1956 நவம்பர் 21 அன்று ஊர் மக்கள் லிவர்பூலுக்கே போய் ஊர்வலம் நடத்தினார்கள். 'உங்கள் வீடுகள் பத்திரமாக இருக்கின்றன, எங்கள் வீடுகளைக் காப்பாற்றுங்கள்' என்றது ஓர் அட்டை. அணைக்கான மசோதாவை வேல்ஸ் எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரித்து ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் 1957-இல் சட்டம் நிறைவேறியது. பள்ளி, தபால் நிலையம், சேப்பல், 12 வீடுகளும் பண்ணைகளும் போயின. அணை திறந்தது 1965-இல். அந்தக் கடைசி வருடங்களைச் சார்ல்ஸ் விடாமல் பதிவு செய்தார். தண்ணீருக்கு அடியில் போய்விட்ட ஊர் எப்படி இருந்தது என்பதற்கு இன்று அந்தப் படங்கள்தான் சாட்சி.

1963 பிப்ரவரி 2. அபெரிஸ்ட்வித் நகரின் ட்ரெவெகன் பாலத்தில் இளைஞர்கள் உட்கார்ந்து போக்குவரத்தை மறித்தார்கள். நீதிமன்ற சம்மன் வெல்ஷிலும் வேண்டும் என்பது கோரிக்கை. வெல்ஷ் மொழிச் சங்கத்தின் முதல் போராட்டம் அது. அங்கேயும் சார்ல்ஸ் இருந்தார்.

[திரையில்: சுருங்கி நெளிந்த நெகட்டிவ், மிக அருகில்]

அவருடைய சுமார் 1,20,000 நெகட்டிவ்கள் அதே அபெரிஸ்ட்வித்தில், வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. இந்த மாதிரித் தொகுப்புகளுக்குப் பெரிய எதிரி அசெட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிமேதான். வெப்பமும் ஈரமும் பட்டால் பிலிமிலிருந்து அசெட்டிக் அமிலம் கசியும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். கசிந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். பிலிமின் அடித்தளம் சுருங்கும், மேலே படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலம் அந்த அளவுக்குச் சுருங்காது. அதனால் ஜெலட்டின் பிரிந்து வாய்க்கால் வாய்க்காலாகப் புடைத்துவிடும். அந்த நிலைக்கு வந்த நெகட்டிவை அப்படியே ஸ்கேன் செய்தால் முகத்தின் குறுக்கே கோடு ஓடும்.

வாடை வரும்வரை காத்திருக்கக் கூடாது. அமிலத்தைக் காட்டும் சோதனைத் தாளைப் பெட்டிக்குள் வைத்து மூடி, அறை வெப்பத்தில் குறைந்தது 24 மணி நேரம் விடுவார்கள். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சைக்குத் திரும்பினால் அந்தப் பெட்டியை உடனே தனியாகப் பிரித்து, ஸ்கேன் வரிசையில் முன்னால் வைக்க வேண்டும். குளிரில் வைத்தால் சிதைவு மெதுவாகும், நிற்காது. குளிரிலிருந்து எடுத்த உறையை உடனே திறப்பது பலர் செய்யும் தவறு. அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் நெகட்டிவ் மேலேயே நீர் கோத்துக்கொள்ளும்.

சார்ல்ஸ் 2002-இல் மறைந்தார். ஸ்கேன் செய்த படங்களில் ஆயிரக்கணக்கானவற்றை நூலகம் விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படத் தொகுப்பில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். போராட்டப் படங்களோடு நிறுத்திவிடாமல், அதே ஊரின் ஆட்டுச் சந்தையையும் பாருங்கள்.