‘பிக்கிடப்’ என்றால் என்ன? நாடகம் பார்த்து ஆங்கிலம் பழகும் முறை

[காட்சி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு ஹால். தொலைக்காட்சியில் ஒரு குடும்ப நாடகம், ஒலி குறைவாக.]

வணக்கம். சிங்கப்பூருக்கு வந்த முதல் வருடம் ஒரு கிடங்கில் வேலை பார்த்தேன். ஒருநாள் வேலையாக வெளியே போயிருந்தபோது, காலையில் பேசிய பார்சலைப் பற்றி சூப்பர்வைசர் ஃபோன் செய்தார். என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: “பிக்கிடப்பான்யர்வேபேக்.” ஓகே ஓகே என்று சொல்லி வைத்துவிட்டேன். வெறும் கையோடு திரும்பினேன். எல்லார் முன்னாலும் திட்டு விழுந்தது. அன்று இரவு அறை நண்பர் ஒருவர் அந்த வரியைப் பிரித்து எழுதிக் காட்டினார்.

[திரையில்: பிக் + இட் + அப் + ஆன் + யுவர் + வே + பேக்]

திரும்பி வரும் வழியில் அதை எடுத்துக்கொண்டு வா. ஏழு சொல். ஏழும் ஊரில் பள்ளிக்கூடத்திலேயே படித்தவை. தெரியாத சொல் ஒன்றுகூட இல்லாத ஒரு வரி எனக்குப் புரியாமல் போயிருக்கிறது! அன்று தூக்கம் வரவில்லை.

காரணத்தை நம் இலக்கணத்தை வைத்தே சொல்லிவிடலாம். பள்ளியில் புணர்ச்சி படித்தோம், நினைவிருக்கிறதா? “உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே” என்கிறது நன்னூல். பாலும் ஆறும் சேர்ந்தால் பாலாறு. ஆங்கிலம் பேசுகிற வாயும் இதையேதான் செய்கிறது. ஒரு சொல் மெய்யில் முடிந்து அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிக், இட், அப் மூன்றும் சேர்ந்து ‘பிக்கிடப்’ ஆகிவிடும். அமெரிக்கர்கள் பேசும்போது, இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ‘ட்’ ஒலி இன்னும் மெலிந்து, ‘வீடு’ என்பதில் வரும் டகரம்போலக் கேட்கும். வாட்டர் ‘வாடர்’ ஆவதும், கெட் அவுட் ‘கெடவுட்’ ஆவதும் இதனால்தான்.

ஒரே ஒரு வித்தியாசம். நாம் பாலாறு என்று சேர்த்தே எழுதுகிறோம். அவர்கள் பிரித்து எழுதிவிட்டுச் சேர்த்துப் பேசுகிறார்கள். சேர்ந்த வடிவத்தைப் புத்தகத்தில் பார்க்கவே முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். நாடகம் நமக்கு உதவுவது அந்த இடத்தில்தான்.

[காட்சி: ஒரு சமையலறை. ஒருவர் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்.]

எந்த நாடகம்? வீடு, அலுவலகம், நண்பர்கள் என்று நடக்கும் நகைச்சுவைத் தொடர்கள் போதும். விளம்பரம் நீங்கலாக ஒரு பகுதி 22 நிமிடம் அளவில் முடிந்துவிடும். நீதிமன்றம், ஆஸ்பத்திரி, ராஜா காலத்துக் கதை எல்லாம் பிறகு பார்க்கலாம்.

பகுதி முழுவதையும் பாடமாக்காதீர்கள். 30 வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை எழுத்தே இல்லாமல் கேளுங்கள். காதில் விழுந்ததை விழுந்தபடியே தமிழில் எழுதுங்கள், தப்பாக இருந்தாலும் சரி. அப்புறம் ஆங்கில சப்டைட்டில் போட்டு ஒரு முறை. மறுபடி எழுத்தில்லாமல், கூடவே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஒரு முறை.

செய்து பார்ப்போம். நாங்களே எழுதிய உரையாடல் இது. குளிர்பதனப் பெட்டியைத் திறந்தவர் சொல்கிறார்: “வியரவுடவ்மில்க்.” அப்படியே எழுதிக்கொண்டீர்களா? இப்போது சப்டைட்டில்.

[திரையில்: வீ ஆர் அவுட் ஆஃப் மில்க்]

பால் தீர்ந்துவிட்டது. நம்மைக் கேட்டால் ‘மில்க் இஸ் ஃபினிஷ்ட்’ என்போம். இங்கே கீழ்வீட்டில் கேட்டால் ‘மில்க் ஃபினிஷ் ஆல்ரெடி’ என்பார்கள். ‘அவுட் ஆஃப்’ என்பது நமக்குத் தோன்றவே தோன்றாது, ஏனென்றால் அவுட் என்றால் வெளியே என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். நோட்டில் இனி அப்படி எழுதாதீர்கள். ‘தீர்ந்துவிட்டது’ என்று ஒரு பக்கம் போட்டு, எதிரே ‘வீ ஆர் அவுட் ஆஃப்’ என்று முழுசாக எழுதுங்கள். மறுநாள் அலுவலகப் பிரிண்டரில் தாள் இல்லையா? “வீ ஆர் அவுட் ஆஃப் பேப்பர்” என்று சொல்லிவிடுங்கள். ஒருமுறை வாயில் வந்துவிட்டால் அது மறக்காது. இதைச் சத்தியமாகச் சொல்வேன்.

இன்னொரு வழியும் உண்டு. எனக்கு இது மிகவும் பிடிக்கும். வசந்தம் ஒளிவழியின் தமிழ் நாடகங்கள் பலவற்றில் கீழே ஆங்கில வரி ஓடும். நாம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. வீட்டில் யாராவது “விடுடா” என்று சொன்னதும் கீழே பாருங்கள். ‘லெட் இட் கோ’ என்று வரலாம், ‘டிராப் இட்’ என்று வரலாம். “போயிட்டு வரேன்” என்பதற்கு யாரும் ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று போட மாட்டார்கள். அம்மாவோடு உட்கார்ந்து நாடகம் பார்க்கும் நேரமே உங்கள் வகுப்பாகிவிடும்.

[காட்சி: உணவங்காடி நிலையம், கோப்பிக் கடை வரிசை.]

சிங்கிலீஷ், அதாவது சிங்கப்பூர்க்காரர்களின் பேச்சு ஆங்கிலம், பற்றியும் கேட்பீர்கள். 1997-ல் சேனல் 5-ல் தொடங்கிய ‘புவா சூ காங்’ தொடரில் குர்மித் சிங் பேசிய சிங்கிலீஷ் ஊரெங்கும் பரவியது. 1999 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் கோ சோக் தோங் அதைக் குறிப்பிட்டே பேசினார். அடுத்த ஆண்டு நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கியது. ஆனாலும் சிங்கிலீஷை நான் தள்ளி வைக்கச் சொல்ல மாட்டேன். பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவரோடு நம்மைச் சேர்த்து வைக்கிற பேச்சு அது. எந்த வரி எந்த இடத்துக்கு என்று தெரிந்திருந்தால் போதும். அமெரிக்க நாடகத்தில் ‘காஃபி டு கோ’ என்பார்கள், கோப்பிக் கடையில் ‘கோப்பி ஓ, தாப்பாவ்’ (பால் இல்லாத கோப்பி, கட்டிக் கொடுங்கள்) என்றால்தான் வேலை நடக்கும். அங்கே எலிவேட்டர், இங்கே லிஃப்ட். அங்கே செல்ஃபோன், இங்கே ஹேண்ட்ஃபோன். இந்த வித்தியாசங்களை நோட்டில் ஒரு மூலையில் குறித்து வையுங்கள்.

சரி, இன்றைக்கு உங்களுக்கு ஒரு வரி. டிவியை அணைப்பதற்கு இங்கே எல்லாரும் ‘ஆஃப் த டிவி’ என்பார்கள். நாடகத்தில் அம்மா சொல்வது இது. இரண்டு முறை ஒலிக்கும், எழுத்து வராது.

[ஒலி: “டர்னிடாஃப்.” இடைவெளி. “டர்னிடாஃப்.”]

பேனாவை எடுங்கள், பிரித்து எழுதுங்கள்.