அந்த ஸ்கிரிப்ட் யார் பெயரில் ஓடுகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

பல கல்லூரிகளில் ஒரே லினக்ஸ் சர்வரை நூற்றுக்கணக்கான மாணவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முகப்பு அடைவு உண்டு. அதற்குள் ‘பப்ளிக் அடிக்கோடு ஹெச்டிஎம்எல்’ என்ற பெயரில் ஓர் அடைவை உருவாக்கி இணையப் பக்கத்தை வைத்தால், அலைக்குறியும் பயனர்பெயரும் சேர்ந்த முகவரியில் அது வெளியே தெரியும். 1995இல் வந்த அப்பாச்சி என்ற வெப்சர்வர், அதாவது இணையப் பக்கங்களை அனுப்பித் தரும் மென்பொருள், தனக்கு முந்தைய என்சிஎஸ்ஏ வெப்சர்வரிடமிருந்து பெற்ற வசதி இது. ‘யூசர்டிர்’ என்பது அந்த அமைப்பின் பெயர்.

எழுத்தும் படமும் மட்டும் இருக்கும்வரை தொல்லை இல்லை. அங்கே பெர்ல் அல்லது பைத்தான் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், ஓட வேண்டுமென்றால், அது யாருடைய பெயரில் ஓடும் என்பதை நிர்வாகி முதலில் தீர்மானிக்க வேண்டும். எதுவும் செய்யாமல் விட்டால், எல்லா ஸ்கிரிப்ட்டுகளும் வெப்சர்வரின் பொதுக்கணக்கிலேயே ஓடும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அதன் பெயர் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டேட்டா’. அந்தக் கணக்கு படிக்கக்கூடிய எதையும் எந்த மாணவரின் ஸ்கிரிப்ட்டும் படித்துவிடும். பக்கத்து இருக்கைக்காரரின் தரவுத்தளக் கடவுச்சொல்லும் அதில் அடங்கும். இதைச் சிறிய விஷயமாக என்னால் கருத முடியவில்லை.

இதற்காகவே அப்பாச்சி 1.2இல் ‘சூஎக்ஸெக்’ என்ற துணை நிரல் வந்தது. சர்வர் ஒரு நிரலை ஓட்டி, அது தரும் விடையைப் பக்கமாக அனுப்பும் முறைக்குச் சிஜிஐ என்று பெயர். அலைக்குறி முகவரியில் வரும் சிஜிஐ ஸ்கிரிப்ட்டை சூஎக்ஸெக் அந்தந்தப் பயனரின் கணக்கிலேயே ஓட்டுகிறது. ஓட்டுமுன் கோப்பின் உரிமையாளர் யார், வேறு யாராவது அதில் எழுத முடியுமா என்றெல்லாம் சோதிக்கிறது. ஸ்கிரிப்ட் ஓடாதபோது “777 அனுமதி கொடுத்துவிடு” என்று பலர் சொல்கிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்பதே அதன் பொருள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். எல்லோரும் எழுதக்கூடிய ஸ்கிரிப்ட்டைச் சூஎக்ஸெக் ஓட்ட மறுத்துவிடும். முகப்பு அடைவுக்கு 711, பக்கங்கள் இருக்கும் அடைவுக்கும் ஸ்கிரிப்ட்டுக்கும் 755 போதும். 755 என்றால் உரிமையாளர் மட்டுமே எழுதலாம், மற்றவர்கள் படிக்கவும் ஓட்டவும் மட்டும் செய்யலாம். 711 இருந்தால் சர்வர் உள்ளே கடந்து செல்லலாம். உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பட்டியலிட்டுப் பார்க்க முடியாது.

நிர்வாகிகளுக்கு ஒன்று. சிஜிஐ ஸ்கிரிப்ட்டை ஓட்டவிடும் ‘எக்ஸெக்சிஜிஐ’ அனுமதியை அடைவு முழுவதற்கும் திறக்காதீர்கள். உள்ளே ‘சிஜிஐ-பின்’ என்ற துணை அடைவுக்கு மட்டும் கொடுங்கள். எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்குக்கு யூசர்டிர் வசதியை முடக்கிவிடுங்கள்.

பிஹெச்பி என்ற நிரல்மொழி தனிக்கதை. அது சர்வருக்குள்ளேயே தொகுதியாக ஓடும்போது சூஎக்ஸெக்கின் காவலுக்குள் வராது. டெபியன், அதை ஒட்டிய உபுண்டு இரண்டிலும் பயனர் அடைவுகளில் பிஹெச்பி முன்னிருப்பாகவே முடக்கப்பட்டிருப்பது நியாயமானது. தேவைப்பட்டால், பிஹெச்பியை வெப்சர்வருக்கு வெளியே தனியாக ஓட்டும் பிஹெச்பி-எஃப்பிஎம் நிறுவி, ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கிலேயே ஓடும் ‘பூல்’ ஒன்றை, அதாவது தனிச் செயல்தொகுப்பை, அமையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் 500 என்ற பிழை வந்தால், எந்த நிரல் அதை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியைப் பாருங்கள். விண்டோஸில் எழுதிய கோப்பில் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டியிருக்கும். லினக்ஸ் அதையும் நிரலின் பெயரோடு சேர்த்துத் தேடித் தோற்கும். ஸ்கிரிப்ட் பக்கத்துக்கு முன் அனுப்பும் தலைப்புவரிகளுக்குப் பின் ஒரு வெற்றுவரி இருக்கிறதா என்றும் பாருங்கள். சூஎக்ஸெக் மறுத்திருந்தால், காரணம் அதன் தனிப் பதிவுக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும்.