ஹென்றி எவ்ரி: தூக்கு எந்தக் குற்றத்துக்கு?

தலைவர் அவர்களே, நண்பர்களே,

1696ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் ராச்செஸ்டர் என்ற ஊரில் ஒரு சத்திரம். அறையைச் சுத்தம் செய்ய வந்த பணிப்பெண் ஒரு மேற்சட்டையைத் தூக்கிப் பார்க்கிறாள். தூக்க முடியவில்லை. சட்டையின் உட்துணியில் வரிசை வரிசையாகத் தையல் போட்டு, உள்ளே தங்க நாணயங்களை வைத்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் ஆயிரம் பவுனுக்கு மேல். சட்டைக்காரன் ஜான் டான். சூரத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஔரங்கசீப்பின் கப்பலை நடுக்கடலில் கொள்ளையடித்த ஹென்றி எவ்ரியின் ஆள். தங்கத்தை நகரத் தலைவர் எடுத்துக்கொண்டார். டான் சிறைக்குப் போனான், பிறகு அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினான். நாம் இன்று பேசப்போகும் பல சங்கதிகள் அவன் வாயிலிருந்து வந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசியவன் அவன்.

எவ்ரி டெவன் பகுதிக்காரன். அரச கடற்படையில் வேலை பார்த்தான். அதன் பிறகு மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வியாபாரம். அங்கே அடிமைகளை விற்க வந்தவர்களையே கப்பலுக்கு வரவழைத்து விலங்கு பூட்டிக்கொண்டு போனவன் என்று பெயர் எடுத்திருந்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவனை முதலாளிகளை எதிர்த்து எழுந்த உழைப்பாளி என்று கொண்டாடும் வழக்கம் ஒன்று உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது.

அந்தப் பாதி உண்மை எங்கே என்றால், ஸ்பெயினின் லா கொருன்யா துறைமுகத்தில். லண்டன் வணிகர் சர் ஜேம்ஸ் ஹூப்ளானும் கூட்டாளிகளும் மேற்கிந்தியத் தீவுகளுக்கென்று அனுப்பிய கப்பல்கள் அங்கே மாதக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடந்தன. புறப்படவும் இல்லை, சம்பளமும் இல்லை. மாலுமிகளின் மனைவிமார் லண்டனில் ஹூப்ளானிடம் போய் முறையிட்டார்கள். உங்கள் புருஷர்கள் இப்போது ஸ்பெயின் அரசரின் ஆட்கள், அவர் சம்பளம் கொடுத்தாலும் சரி, தூக்கில் போட்டாலும் சரி என்று பதில் வந்ததாகச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு கொருன்யாவை எட்டியபோது என்ன கொதித்திருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

1694 மே 7ஆம் தேதி இரவு. பக்கத்துக் கப்பலிலிருந்து படகில் வந்தவர்கள் இருட்டில் குரல் கொடுக்கிறார்கள்: "அந்தக் குடிகார போசன் கப்பலில் இருக்கிறானா?" போசன் என்றால் கப்பலில் மாலுமிகளை வேலை வாங்கும் அதிகாரி. அந்தக் கேள்விதான் அடையாளச் சொல். 46 பீரங்கிகள் கொண்ட 'சார்லஸ்' கப்பல் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு கிளம்பியது. கப்பல் தலைவன் கிப்சன் காய்ச்சலில் படுத்திருந்தான். கூட வர மாட்டேன் என்றவர்களை, அவனையும் சேர்த்து, படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்பினார்கள். மருத்துவரை மட்டும் விடவில்லை. நான் என் அதிர்ஷ்டத்தைத் தேடிப் போகிறவன் என்று எவ்ரி சொன்னதாகப் பின்னால் நீதிமன்றத்தில் சாட்சி வந்தது. கப்பலுக்கு 'ஃபேன்சி' என்று புதுப்பெயர் வைத்தான்.

வழியில் மூன்று ஆங்கிலக் கப்பல்களைக் கொள்ளையிட்டான். பிறகு, 1695 பிப்ரவரியில், கொமொரோ தீவுகளில் ஒன்றில் எல்லா ஆங்கிலேயத் தளபதிகளுக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்தான். இதுவரை எந்த ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் நான் தீங்கு செய்ததில்லை. என் கப்பலைக் கண்டால் உங்கள் கொடியைப் பந்து போலச் சுருட்டிக் கட்டுங்கள், தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதியிருந்தான். கொள்ளையிட்ட அந்த மூன்று கப்பல்களும் அதற்குள் அவனுக்கு மறந்துவிட்டன. பொய்தான். ஆனால் கணக்குப் போட்டுச் சொன்ன பொய். ஆங்கிலேயனைத் தொடாதவரை இங்கிலாந்து தன்னை மன்னித்துவிடும் என்பது அவன் கணக்கு.

செங்கடல் வாயான பாபெல் மாண்டெப்பில் வேறு சில கொள்ளைக் கப்பல்களும் அவனோடு சேர்ந்தன. ஹஜ் யாத்திரிகர்களையும் ஏமன் துறைமுகமான மோக்காவில் துணி விற்ற பணத்தையும் ஏற்றிக்கொண்டு சூரத் கப்பல்கள் திரும்பும் காலம் அது. முதலில் சூரத் வணிகர் அப்துல் கஃபூரின் கப்பல் சிக்கியது. செப்டம்பரில் 'கஞ்ச்-இ-சவாய்'. பேரரசரின் சொந்தக் கப்பல் அது. ஃபேன்சியைவிடப் பெரியது, பீரங்கிகளும் அதிகம், ஆட்களும் அதிகம். அதன் பீரங்கி ஒன்று சுடும்போதே வெடித்துச் சொந்த ஆட்களைக் கொன்றது. எவ்ரியின் குண்டு ஒன்று பாய்மரத்தைச் சாய்த்தது. தலைவன் இப்ராஹிம் கான் கீழ்த்தளத்துக்கு ஓடி, மோக்காவில் வாங்கிவந்த அடிமைப் பெண்களின் தலையில் தலைப்பாகையைக் கட்டி, போய்ச் சண்டை போடுங்கள் என்று அனுப்பினான். இதை எழுதி வைத்தவர் முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான். அவர் ஆங்கிலேயர்மீது எவ்வளவு கோபப்படுகிறாரோ, அவ்வளவு கோபம் இப்ராஹிம் கான்மீதும்.

அதன் பிறகு பல நாட்கள் அந்தக் கப்பலில் நடந்ததை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. பணம் எங்கே என்று கேட்டுச் சித்திரவதை செய்தார்கள். பெண்களை, முதியவர்களையும் விடாமல், சீரழித்தார்கள். கடலில் குதித்தும் கத்தியால் குத்திக்கொண்டும் செத்த பெண்கள் உண்டு. காஃபி கான் மட்டும் சொன்னால் பகைவர் பேச்சு என்று தள்ளலாம். அந்தக் கொள்ளையரில் ஒருவனான ஜான் ஸ்பார்க்ஸ் தூக்குமேடையில் நின்று, அந்த ஏழை இந்தியர்களுக்கும் அவர்கள் பெண்களுக்கும் செய்த கொடுமைதான் தன் மனத்தை அறுக்கிறது என்று சொல்லிவிட்டுச் செத்தான்.

கொள்ளையின் மதிப்பு, காஃபி கான் கணக்கில் 52 லட்சம் ரூபாய். கிழக்கிந்தியக் கம்பெனி அதைவிடக் குறைத்து 3,25,000 பவுன் என்றது. ஆளுக்குச் சுமார் ஆயிரம் பவுன் பங்கு. அன்றைய கடற்படையில் தேர்ந்த மாலுமிக்கு மாதச் சம்பளம் 24 ஷில்லிங். அந்த ஆயிரம் பவுனைச் சம்பாதிக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் கப்பலேற வேண்டும்.

சூரத்தில் ஊர் திரண்டு ஆங்கிலேயக் கிடங்கின்மேல் பாய்ந்தது. ஆளுநர் இதிமாத் கான் கம்பெனித் தலைவர் சாமுவேல் ஆன்ஸ்லியையும் அறுபதுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயரையும் விலங்கிட்டுப் பூட்டிவைத்தார். தண்டனையா, பாதுகாப்பா என்றால் இரண்டும்தான். பல மாதம் அடைபட்டுக் கிடந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஔரங்கசீப்போடு போர் தொடுத்துத் தோற்று, ஒன்றரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டிய கம்பெனி அது. இப்போது வியாபாரமே போய்விடும் நிலை. லண்டனில் எவ்ரியின் தலைக்கு விலை வைத்தார்கள்: அரசு 500 பவுன் என்றது, கம்பெனி அதை இரட்டிப்பாக்கியது.

எவ்ரி அதற்குள் பஹாமாத் தீவுகளில் 'பிரிட்ஜ்மன்' என்ற பெயரில் ஆளுநர் நிக்கலஸ் டிராட்டுக்கு லஞ்சம் கொடுத்துக்கொண்டிருந்தான். பணம், யானைத் தந்தம், கடைசியில் ஃபேன்சி கப்பலையே கொடுத்தான்.

இனி வழக்குக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன். 1696 அக்டோபர் 19, லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றம். பிடிபட்ட ஆறு பேர்மீது 'கன்ஸ்வே' கப்பலைக் கொள்ளையடித்ததாகக் குற்றச்சாட்டு. கஞ்ச்-இ-சவாய் ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆகிவிட்டது. சாட்சி சொன்னவர்கள் கூடவே இருந்த கூட்டாளிகள். இதைவிடத் தெளிவான வழக்கு வேண்டுமா? நடுவர் குழு குற்றமற்றவர்கள் என்று தீர்ப்புச் சொன்னது.

நீதிபதிகள் ஆடிப்போனார்கள். பேரரசருக்கு என்ன பதில் சொல்வது? பன்னிரண்டே நாளில், அக்டோபர் 31 அன்று, வேறு நடுவர் குழுவை உட்கார வைத்தார்கள். முந்தைய தீர்ப்பு நாட்டின் நீதிக்கே அவமானம் என்று தலைமை நீதிபதி ஹோல்ட் சொன்னார். குற்றச்சாட்டு மட்டும் மாறியிருந்தது: 'சார்லஸ்' கப்பலைத் திருடியது. அதாவது ஹூப்ளானின் சொத்து. இந்த முறை குற்றவாளிகள். ஆறு பேரில் டாசன் என்பவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு உயிர் தப்பினான். மற்ற ஐவரையும் நவம்பர் 25 அன்று தேம்ஸ் கரையில், வாப்பிங்கில், தூக்கிலிட்டார்கள். அவர்களில் ஒருவன்தான் ஸ்பார்க்ஸ். அவன் மனத்தை அறுத்த குற்றத்துக்கு விடுதலை. கழுத்தை இறுக்கியது கப்பல் திருட்டு.

எவ்ரி என்ன ஆனான் என்று கேட்பீர்கள். 1696 ஜூனில் அயர்லாந்தின் வட கரையில் டன்ஃபனகி என்ற இடத்தில் இறங்கினான். அதோடு சரி. ஒரே ஒரு தடயத்தை டான் சொல்லியிருக்கிறான். அவன் லண்டன் திரும்பும் வழியில், செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில், கூட இருந்த ஆடம்ஸ் என்பவனின் மனைவி குதிரை வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறான். கேப்டன் பிரிட்ஜ்மனிடம் போகிறேன் என்றாளாம். எந்த ஊர் என்று சொல்லவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.