அமர்னா: சுவரில் விருந்து, மண்ணில் எலும்பு

நண்பர்களே, எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் சிலையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1912-இல் அது கிடைத்த இடம் எகிப்தின் அமர்னா. கி.மு. 1350-ஐ ஒட்டி, ஆட்டென் என்னும் சூரியனே கடவுள் என்று அறிவித்த மன்னர் அக்கெனாட்டென், நைலின் கிழக்குக் கரைப் பாலைவனத்தில் எழுப்பிய தலைநகரம் அது. அவர் காலத்துக்குப் பின் அரசவை கிளம்பிவிட்டது. தலைநகர் என்ற பெயர் இருபது ஆண்டுகூட நிலைக்கவில்லை. அதனால் அங்கே புதைந்தவர்கள் ஏறக்குறைய ஒரே தலைமுறைக்காரர்கள். ஆய்வாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அங்குள்ள அதிகாரிகளின் குடைவரைக் கல்லறைகளுக்குள் போனால், சுவரெல்லாம் படையல். ரொட்டி, இறைச்சி, வாத்து என்று மேடை கொள்ளாமல் குவிந்து கிடக்கும். சரி, ஊர் சனங்கள் என்ன சாப்பிட்டார்கள்? அதைச் சுவர் சொல்லாது.

2006 முதல் தொல்லியல் ஆய்வாளர் பாரி கெம்ப் குழுவினர், அந்த அதிகாரிகளின் தெற்குக் கல்லறைகளை ஒட்டிய பொது இடுகாட்டைத் தோண்டினார்கள். நானூறு பேருக்கும் மேல் கிடைத்தார்கள். மரப்பெட்டி சிலருக்குத்தான். மற்றவர்களைத் துணியில் சுற்றி, பாடை கட்டுவதுபோல் குச்சிகளைக் கயிற்றால் பிணைத்த பாயில் உருட்டிப் புதைத்திருக்கிறார்கள். மண்டையோட்டைத் திருப்பிக் கண்குழியின் மேற்புறம் பார்த்தால், பல குழந்தைகளுக்குப் பொடிப்பொடியாகத் துளைகள். பெரும்பாலும் ரத்தசோகையின் தடமாகக் கருதப்படுவது அது. பெரியவர்களோ குள்ளமானவர்கள், முதுகெலும்பு தேய்ந்தவர்கள். மன்னர் அவசரமாகக் கட்டினார். சுமை யார் முதுகில் ஏறியது என்று எலும்பு காட்டிவிடுகிறது.

அப்புறம் 2015-இல் வடக்கு இடுகாடு. கட்டடத்துக்குக் கல் உடைத்தெடுத்த குழிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. இங்கே கிடைத்தவர்களில் பெரும்பாலோர் ஏழு வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள்; பாதிக்கு மேல் பதினைந்தைத் தாண்டாதவர்கள். சாதாரண இடுகாட்டில் கைக்குழந்தைகளும் முதியவர்களும்தானே அதிகம் இருக்க வேண்டும்? கொள்ளைநோய் என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் கொள்ளைநோய் கைக்குழந்தையை விட்டுவைக்குமா? பதின்வயதிலேயே முதுகெலும்பில் காயம், மூட்டில் தேய்மானம். இவர்கள் வேலைக்குக் கொண்டுவரப்பட்ட சிறுவர் சிறுமியர் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் வேறு விளக்கம் பொருந்துவதாகத் தெரியவில்லை. தெற்கில் பெரும்பாலும் ஆளுக்கொரு குழி வெட்டினார்கள். இங்கே பல குழிகளில் இரண்டு மூன்று பேரை ஒருவர்மேல் ஒருவராக வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் கூட எதையும் வைக்காமல்.