கிரியேட்டினின் சரியாக இருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறது: இது சிறுநீரக நோயா?

அடுத்த கேள்வி. "பன்னிரண்டு வருடமாக எனக்குச் சர்க்கரை நோய். கிரியேட்டினின் 0.9 தான். இடுப்பில் வலி கிடையாது, சிறுநீரும் தாராளமாகப் போகிறது. ஆனால் சிறுநீரில் புரதம் போகிறது என்கிறார்கள். இது சிறுநீரக நோயா?" என்று ஒரு நேயர் கேட்கிறார். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு; சிறுநீரகம் தளர்ந்தால் அது ரத்தத்தில் ஏறும்.

முதலில் அந்த வலியைப் பற்றிய எண்ணத்தை விட்டுவிடுங்கள். சிறுநீரகத்தில் வலி என்றால் பெரும்பாலும் கல், அல்லது கிருமித்தொற்று. கல் விலாவுக்குக் கீழே சுருட்டிப் பிடித்து அடிவயிறு வரை இறங்கும். உட்காரவும் விடாது, படுக்கவும் விடாது. தொற்றில் குளிர்காய்ச்சலும், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் வரும். இவையெல்லாம் கதவைத் தட்டிக்கொண்டு வருபவை. சர்க்கரையாலும் ரத்தக் கொதிப்பாலும் வருவது அப்படியில்லை, ஓசையே இருக்காது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிக்கின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியேறுகிறது. மீதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. நல்ல வடிகட்டி ஆல்புமின் என்ற புரதத்தை ஏறக்குறைய முழுதாகவே தடுத்துவிடும். சர்க்கரை ஏறியே இருந்தால் சல்லடை பழுதாகிப் புரதம் கசியத் தொடங்குகிறது. சில வடிகட்டிகள் கெட்டாலும் மற்றவை அவற்றின் வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வதால், பாதியளவு திறன் போகும்வரை கூட கிரியேட்டினின் ஏறாமல் இருக்கலாம். அந்த 0.9 உங்களை ஏமாற்றுவது இப்படித்தான்.

ஆனால் ஒரே பரிசோதனையில் முடிவு கட்டக் கூடாது. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி ஆகியவற்றாலும் புரதம் சில நாள் போகும். காலைச் சிறுநீரில் ஆல்புமின், கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். அது ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமினுக்கு மேல் மூன்று மாதம் நீடித்தால், கிரியேட்டினின் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சிறுநீரக நோய்தான். இந்த நிலையில் பிடித்தால் மருந்து நன்றாகவே கேட்கும். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.

காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி வீக்கம், தேநீர் நிறத்தில் சிறுநீர், இவை இருந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

விழித்திரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை சிறுநீரகத்தைத் தொட்டால் பல நேரம் விழித்திரையையும் தொட்டிருக்கும். விழித்திரை சுத்தமாக இருந்து புரதம் மட்டும் ஏராளமாகப் போனால், வேறு காரணம் இருக்கிறதா என்று நாங்கள் தேட ஆரம்பிப்போம்.