நிலாவை வைத்துச் சோதித்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் உட்கார்ந்து வானம் பார்க்கிறேன் என்று சொன்னால், "இங்கே தெருவிளக்கைத் தவிர என்ன தெரியும்?" என்பார்கள். தெரியும். மாசி மாதம் ராத்திரி எட்டு, எட்டரை மணிக்கு எங்கள் திருவொற்றியூர் மொட்டை மாடியில் தெற்கே திரும்பி நின்றால், அகத்தியர் நட்சத்திரம் பளிச்சென்று நிற்கும். கையை நீட்டி, விரல்களை முட்டியாக மடக்கி, அடிவானத்திலிருந்து இரண்டரை முட்டி அளந்தால் அதன் இடம். டெல்லிக்காரர்களுக்கு அது ஒரு முட்டி உயரம்கூட எழும்பாது. வடக்கே துருவ நட்சத்திரம் நமக்கு 13 பாகை, அதாவது 13 டிகிரி உயரம்தான். ஊரின் அட்சரேகை எவ்வளவோ, அந்த உயரம்தான் அதற்கு.

இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் பக்கத்தில் இருந்த காலம் போய், இப்போது போன் இருக்கிறது. எந்தச் செயலியைப் போடுவது என்று என்னைக் கேட்பவர்கள் நிறைய. திறந்த மூலச் செயலியாகப் பாருங்கள் என்பதுதான் என் பதில். அதாவது, அதன் நிரலை, அதை இயக்குகிற கட்டளைகளை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை வெளியிடலாம்.

அதில் என்ன லாபம்? வானம் காட்டுகிற ஸ்கை மேப் என்ற செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் கூகுள் பொறியாளர்கள் செய்தது. 2012-இல் அந்த நிறுவனம் நிரலைப் பொதுவில் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆர்வலர்கள் கையில் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. பூட்டி வைத்த நிரலாக இருந்திருந்தால், நிறுவனம் கைவிட்ட அன்றே அதன் கதை முடிந்திருக்கும்.

இன்னொன்று, அனுமதி. வானம் காட்டுகிற செயலிக்கு நீங்கள் நிற்கிற இடம் தெரிய வேண்டும், நியாயம். உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு? கேட்டால் அதை வேண்டாம் என்று தள்ளுங்கள். ஸ்கை மேப்பில் இடத்தைக்கூட நீங்களே எழுதிக்கொடுக்கலாம். சென்னைக்கு வடக்கே 13.08, கிழக்கே 80.27. குறித்துக்கொள்ளுங்கள், திரும்பவும் சொல்கிறேன்: 13.08, 80.27.

சரி, எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். திருக்கார்த்திகை அன்று மாடிச் சுவரில் அகல் வரிசை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தோம். கடல் பக்கம் பௌர்ணமி நிலா ஏறியிருந்தது. அன்றைக்கு நிலா கார்த்திகைக் கூட்டத்தின் பக்கத்தில் இருக்கும், அதனால்தானே அந்த மாதத்துக்கே அந்தப் பெயர்! கீழ்வீட்டுப் பெண், ஏழாம் வகுப்பு, அம்மாவின் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "தாத்தா, நிலா தண்ணித் தொட்டி மேல இருக்குன்னு காட்டுது!" தொட்டி இருப்பது தெற்கே. நிலாவோ எதிரே, கிழக்கே, தென்னை மட்டைக்கு மேலே.

போனைக் காற்றில் எட்டு எண் போடுகிற மாதிரி சுழற்றினோம். போனுக்குள் இருந்து திசையைக் கண்டறிகிற திசைகாட்டி உணரியைச் சரிப்படுத்த அதுதான் வழி. ஒன்றும் நடக்கவில்லை. மாடித் தளத்துக் கம்பியாக இருக்குமோ என்று மரநாற்காலி மேல் ஏறி நின்றுகூடப் பார்த்தாள். அப்படியேதான். அப்புறம்தான் என் கண் போனின் உறையில் பட்டது. புத்தகம் மாதிரி மூடுகிற தோல் உறை, மூடியின் ஓரத்தில் சின்னக் காந்தம், டப் என்று ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றச் சொன்னேன். கழற்றி, இன்னொரு தடவை எட்டுப் போட்டதும் திரையில் வானம் சர்ரென்று சுழன்று, நிலா தென்னைக்கு மேலே வந்து நின்றது. அவள் போட்ட சத்தத்துக்கு அக்கம்பக்க மாடியெல்லாம் எட்டிப் பார்த்தது.

திசைகாட்டி உணரி பார்ப்பது பூமியின் காந்தப்புலத்தை. நம் ஊரில் அது சுமார் 40 மைக்ரோடெஸ்லா என்கிற சின்ன அளவுதான். உறைக் காந்தம் உணரிக்கு ஒட்டினாற்போல் இருந்தால் இதை விழுங்கிவிடும். அதனால், கேட்கிற எல்லாரும் உறையைக் கழற்றிவிட்டுத்தான் வானம் பார்க்க வேண்டும். காருக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். முதலில் நிலாவையோ, உங்களுக்குத் தெரிந்த ஒரு நட்சத்திரத்தையோ வைத்துச் சோதித்துப் பாருங்கள். திருவாதிரை சிவப்பாக இருக்கும், சுலபம். வானம் ஒன்று சொல்லி போன் வேறு சொன்னால், வானத்தை நம்புங்கள்.

விலை குறைந்த சில போன்களில் அந்த உணரியே இருக்காது. ஸ்கை மேப்பில் உணரிகளின் நிலையைக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது, அதில் பார்த்துக்கொள்ளலாம். உணரி இல்லாவிட்டாலும் விரலால் வானத்தைத் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். எனக்கு அதுவே பிடிக்கும், திசையை நாமே கண்டுபிடிக்கிறோம் அல்லவா. இரவு நிறத்துக்கு மாற்றவும் மறக்காதீர்கள், திரை சிவப்பாகிவிடும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், வெள்ளைத் திரையை ஒரு நொடி பார்த்தால் அத்தனையும் வீண்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஸ்கை மேப் கிடையாது. வானம் காட்டுகிற இன்னொரு மென்பொருளான ஸ்டெல்லேரியத்தின் இணையப் பக்கத்தை உலாவியில் திறந்தாலே போதும். கணினிக்கான ஸ்டெல்லேரியம் முழுக்கத் திறந்த மூலம், இலவசம். போனில் நிறுவுகிற ஸ்டெல்லேரியத்தில் காசு கட்ட வேண்டிய பதிப்பும் உண்டு, கவனித்துப் போடுங்கள்.

நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இருந்த வானாய்வகத்தைப் பற்றியும், அங்கே வேலை பார்த்து 1867-இல் ஒரு மாறொளிர் விண்மீனை, அதாவது வெளிச்சம் கூடிக் குறைகிற நட்சத்திரத்தை, கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி பற்றியும் சொல்வதாக இருந்தேன். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதைப் பொதுமக்களுக்கு விளக்க நம் நாட்டு மொழிகளிலும் எழுதியவர் அவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது.

ஒன்றே ஒன்று. செயற்கைக்கோள் பார்க்க லுக்ஃபோர்சாட் (Look4Sat) என்று ஒரு திறந்த மூலச் செயலி, எஃப்-ட்ராய்ட் என்கிற திறந்த மூலச் செயலிகளுக்கான தளத்தில் கிடைக்கும். சில நாட்களுக்கு ஒருமுறை அதன் தரவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலே வரும் நேரத்தைச் சொல்லும். இருட்டிய கொஞ்ச நேரத்தில், அல்லது விடியலுக்கு முன்னால், கண் சிமிட்டாமல் நகர்கிற வெளிச்சம், அதுதான். பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். வணக்கம்.