கந்தையானாலும் கசக்கிக் கட்டு

மேடையில் இருக்கும் சேகர குருவானவர் ஐயா அவர்களே, எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தை இத்தனை வருஷமாகத் தாங்கிவரும் குருவானவர் அம்மா அவர்களே, சேகரச் செயலாளர் ஐயா, பொருளாளர் ஐயா (உங்களிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்), இந்த வெயிலிலும் பக்கத்துச் சேகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிற சகோதரிகளே, பாடகர் குழுப் பிள்ளைகளே, எல்லாருக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

ஒட்டுத்துணிப் போர்வையைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அமெரிக்காவில் குவில்ட் என்பார்கள். சேர்ப்பது, தைப்பது, கொடுப்பது என்று மூன்று காரியம் சொல்ல நினைத்திருக்கிறேன். எங்கள் அப்பத்தா ஓயாமல் சொல்வது ஒன்று உண்டு, "கந்தையானாலும் கசக்கிக் கட்டு." அதை மனசில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஹாரியட் பவர்ஸ் என்று ஒரு அம்மா. 1837-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அங்குள்ள ஏதென்ஸ் ஊருக்குப் பக்கத்தில், அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு, துணித் துண்டுகளை உருவங்களாக வெட்டி ஒட்டித் தைத்து, ஒரே போர்வையில் 11 கட்டங்களாக வேதாகமத்தை விரித்துவிட்டார். ஏதேன் தோட்டம், ஆபேலைக் கொல்லும் காயீன், யாக்கோபின் சொப்பனம், முப்பது வெள்ளிக்காசோடு யூதாஸ், சிலுவை, எல்லாம் இருக்கிறது. 1886-ல் ஏதென்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அதை வைத்திருந்தார்கள். ஜென்னி ஸ்மித் என்கிற ஓவிய ஆசிரியை பார்த்து மலைத்துப்போய், வீடு தேடிப் போய் விலைக்குக் கேட்டார். என்ன விலை சொன்னாலும் தர மாட்டேன் என்றுவிட்டார் அந்த அம்மா.

அப்புறம் வறுமை வந்தது. சில வருஷம் கழித்து அவரே விற்க வந்து 10 டாலர் கேட்டார், ஆசிரியை 5 டாலர்தான் முடியும் என்றார். கஷ்ட காலம், கொடுத்துவிடு என்றார் கணவரும். சரி என்று மாட்டு வண்டியில் வந்தார், போர்வை மடியில் இருந்தது. அதை எப்படிக் கொண்டுவந்தார் தெரியுமா? சுத்தமான மாவுப் பையில் போட்டு, அதற்கு மேல் கோணியும் சுற்றி! கையில் காசில்லாத அம்மா, ஆனால் அந்தப் பை சுத்தமான பை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கொடுத்துவிட்டு உடனே போய்விடவும் இல்லை, ஒவ்வொரு படத்துக்கும் அர்த்தம் சொன்னார், ஆசிரியை எழுதிக்கொண்டார். பிறகும் பல தடவை அந்தப் போர்வையைப் பார்க்கவென்றே வந்துபோனார், பெற்ற பிள்ளையைப் பார்க்க வருகிற மாதிரி. இன்றைக்கு அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒருவனும் கோடித்துண்டைப் பழைய வஸ்திரத்தோடு இணைக்கமாட்டான் என்று ஆண்டவர் சொன்னாரே, மாற்கு 2:21. தையல் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். நனைக்காத புதுப் பருத்தி முதல் சலவையில் சுருங்கி, பழைய துணியையும் சேர்த்துக் கிழிக்கும். போர்வை தைக்கிறவர்கள் பலரும் அதற்காகவே துண்டுகளை முதலில் தண்ணீரில் போட்டு அலசிவிடுகிறார்கள். நாமோ உடைந்த வாழ்க்கையோடு வருகிறவர்களைக் கழுவப்பட விடாமல், அழ விடாமல், உடனே ஒரு பொறுப்பைக் கொடுத்து ஒட்டுப் போடப் பார்க்கிறோம். அது நிற்காது. ஆண்டவர் முதலில் கழுவுகிறார், பிறகுதான் சேர்க்கிறார்.

தைப்பதைப் பற்றி நிறையச் சொல்லலாம், நேரம் ஆகிவிட்டது. கொடுப்பதற்கு வருகிறேன். தொற்காள் இறந்தபோது விதவைகள் பேதுருவிடம் அழுதுகொண்டே எடுத்துக் காட்டியது அவள் தைத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும்தான், அப்போஸ்தலர் 9-ல் படியுங்கள். நம் சபையில் தனியாக இருக்கும் கைம்பெண்கள் எத்தனை பேர், ஞாயிறு ஆராதனை முடிந்தால் அடுத்த ஞாயிறு வரை பேச ஆளில்லாமல்? மன்றத்துக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டிய அறை ஒன்று சும்மா கிடக்கிறதே. பொருளாளர் ஐயா, அந்தச் சாவியைக் கொடுங்கள், இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் போட்டுக் கொடுங்கள். வாரத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து தைக்கிறோம், தைத்த போர்வைகள் முதியோர் இல்லத்துக்குப் போகட்டும்.

சகோதரிகளே, வெளியே மேஜையில் நோட்டு இருக்கிறது, பேர் எழுதிவிட்டுப் போங்கள். வரும்போது பழைய பருத்திச் சேலை கொண்டுவாருங்கள், பட்டும் நைலக்ஸும் வேண்டாம். கசக்கிக் காயப்போட்டுக் கொண்டுவாருங்கள்.